பின் சக்கரத்துக்கு மேல் ஒரு மூட்டை அரிசி

சாவி மாட்டும் ஆணி எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவோரம் இருந்தது. மாண்ட்ரியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மூன்றாவது மாடி, ரேடியேட்டர் இரவெல்லாம் இருமிக்கொண்டிருக்கும் வீடு. அந்த வருஷக் கோடை முழுவதும் ஆணி வெறுமனே இருந்தது. சாவி என் ஜீன்ஸ் பையில் கிடந்தது. நடந்தால் தொடையில் உறுத்தும். அந்த உறுத்தல் எனக்குப் பிடித்திருந்தது. வயது பதினேழு.

கார் என்றால் சின்னக் கார் இல்லை. அப்பாவோடு பாலம் வரைகிற அலுவலகத்தில் இருந்த ஒருவர் மேற்கே வேலை கிடைத்துப் போகும்போது, கிட்டத்தட்ட சும்மா கொடுத்துவிட்டுப் போன அமெரிக்கப் பெரிய வண்டி. பெட்ரோல் விலை ஏறிய பிறகு அந்த மாதிரி வண்டிகளை யாரும் சீந்தவில்லை. பாசிப் பச்சை நிறம், முன்னால் ஒரு மைதானம், பின்னால் ஒரு மைதானம். அம்மா அதைக் கல்யாண மண்டபம் என்பாள். "உள்ள பந்தியே போடலாம்டி" என்று முதல் நாளே சொன்னாள். ஆனால் அந்த மண்டபம் ஓடும்போது எழும்பும் சத்தம் இருக்கிறதே, தூரத்தில் மழை நடந்து வருகிற மாதிரி. காலையில் கல்லூரிக்கு நான் அதில் போனேன். ராத்திரி எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி லேபிலிருந்து அம்மாவை அதில் கூட்டி வந்தேன். நேராக வந்துவிட மாட்டேன். ஆற்றோரம் போய், துறைமுக விளக்குகளை ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் வருவேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வாள். இரண்டு பேரும் வீட்டில் இதைச் சொன்னதில்லை.

இலைகள் உதிர்ந்து முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா கீழே போய்க் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து ஒவ்வொரு டயரின் வரிப்பள்ளத்திலும் கட்டைவிரல் நகத்தை விட்டுப் பார்த்தார். மேலே வந்து கை கழுவினார். கையை நீட்டினார்.

"சாவி."

கொடுத்தேன். ஆணியில் மாட்டினார்.

"டயர் பட்டன் தேஞ்சிருக்கு. வெயிலுக்குப் பரவாயில்ல, பனிக்கு ஆவாது. நல்ல டயர் போட்டாத்தான் வண்டி வெளிய போகும். இல்லேன்னா ஏப்ரல்ல பாத்துக்கலாம்."

ஏப்ரல்! இந்த ஊரில் நவம்பரில் நின்றுகொண்டு ஏப்ரலைச் சொல்வது, கிணற்றுக்குள் இருப்பவனிடம் மாடியைப் பற்றிப் பேசுகிற மாதிரி. நான் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போகும் காலைகள் தெரிந்தன. பஸ் நிறுத்தத்தில் கண்ணிமையில் பனி கட்டி நிற்கும் என் முகம் தெரிந்தது. அதைவிட, ஆற்றோர விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவது தெரிந்தது.

"நாலு டயர் வாங்கிடலாமேங்க" என்றாள் அம்மா.

"இந்த வருஷம் நாலு கட்டுப்படியாகாது."

"அப்ப பழசு ரெண்டு, புதுசு ரெண்டு?"

"பழசுன்னா? எவனோ ஓட்டித் தேச்சு எறிஞ்சதையா?"

"சரி, அது வேணாம்" என்றாள் அம்மா உடனே. இந்த ஒரு விஷயத்தில் இருவரும் எப்போதும் ஒரே கட்சி. அடுத்தவர் வாய் வைத்த தம்ளர் மாதிரிதான் அவர்களுக்கு அடுத்தவர் ஓட்டிய டயரும்.

அப்படித்தான் இரண்டே இரண்டு புதுப் பனி டயர் என்று முடிவானது. சனிக்கிழமை மூவரும் கிளம்பினோம். வில்லரேயில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்தக் கடை. வெளியில் டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். உள்ளே நுழைந்ததும் ரப்பர் வாசனை வந்து மோதும். எனக்கு அந்த வாசனை இன்றைக்கும் பிடிக்கும். புறப்படப் போகிறோம் என்பதன் வாசனை அது. கடைக்காரர் இத்தாலியர், ஏழு குளிர்காலத்தையும் சேர்த்துப் போட்டுக்கொண்ட மாதிரி ஒரு ஸ்வெட்டர். பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம், மீதி கை. அப்பா டயரைத் தட்டிப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். ஆழமான வெட்டுகள், ஓரமெல்லாம் முதலைப் பல் மாதிரி. எனக்குப் பார்த்ததுமே உள்ளங்கை அரித்தது.

"சரி, பின்னாடி ரெண்டுலயும் போட்டுடறேன்" என்றார் கடைக்காரர்.

"முன்னாடி" என்றார் அப்பா.

கடைக்காரர் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மிஸ்யூ, இந்த வண்டிக்குத் தள்ளு பின்னால இருந்து வருது. ஊரே பின்னாலதான் போடுது."

"என் பொண்ணு முன்னாடிதான உக்காந்து ஓட்டுது? நல்லது ரெண்டும் முன்னாடி."

அப்பாவுக்கு எந்திரம் தெரியாமல் இல்லை. இரும்பு எங்கே இழுக்கும், எங்கே வளையும் என்று வரைந்துதான் எங்களுக்குச் சோறு போட்டார். ஆனால் அவருக்குள்ளே ஒரு சாலை இருந்தது. திருச்சி போகிற சாலை. கல்லூரி முடித்த வருஷம், நண்பர்களோடு போன வாடகைக் காரின் முன் டயர் வெடித்து, வண்டி நேராகப் புளியமரத்தைத் தேடிப் போனதாம். டிரைவர் பக்கத்தில் இருந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அங்கே பஸ்காரர்கள், லாரிக்காரர்கள் எல்லாரும் புது டயரை முன்னால் போட்டுவிட்டு, தேய்ந்ததைப் பின்னால் தள்ளுவார்கள். பின்னால் போனால் வண்டி ஆடும், முன்னால் போனால் ஆளே இருக்க மாட்டான் என்பது அவர் பாடமாகப் படித்ததில்லை, பார்த்தது. மாண்ட்ரியலில் இத்தனை வருஷம் இருந்தும் அந்தப் புளியமரம் அவரைவிட்டு நகரவில்லை. அவர் வேலைக்கு ஓட்டிப் போகும் சொந்த வண்டியில் நான்கும் ஒரே மாதிரிப் பனி டயர். அதனால் அதுவரை இந்தக் கேள்வியே வரவில்லை.

கடைக்காரர் தோளைக் குலுக்கினார். "உங்க வண்டி, மிஸ்யூ. அப்ப டிக்கியிலயாவது ரெண்டு சாக்கு மணல் போட்டு வைங்க. பின்னால கனம் வேணும்."

"மணலையா காசு குடுத்து வாங்குறது?" என்று அம்மா தமிழில் என்னிடம் கேட்டாள்.

மாட்டி முடித்ததும் அம்மா கைப்பையைத் திறந்தாள். வரும் வழியில் ஜான்-டலோன் சந்தையில் இறங்கி வாங்கியிருந்த எலுமிச்சம்பழங்கள். கார் வந்த அன்றைக்கு நாங்கள் பூஜை எதுவும் போடவில்லை. ஓசி வண்டிக்கு எதற்கு என்று விட்டுவிட்டோம். அந்தக் குறை அம்மாவை அரித்துக்கொண்டே இருந்தது. சக்கரத்துக்கு ஒன்றாக முன்னால் வைத்தாள். முன் டயர்களுக்கு மட்டும் குங்குமப் பொட்டு.

"எதுக்கு இது? வாசனைக்கா?" என்றார் கடைக்காரர்.

"பாதுகாப்புக்கு" என்றேன்.

"நான் போட்ட டயர் பத்தாதா?" என்று சிரித்தார். ஆனாலும் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

வண்டியை மெதுவாக எடுத்தேன். முன்னால் இரண்டும் சத்தென்று நசுங்கின. பின்னால் ஒன்று நசுங்கியது, இன்னொன்று டயருக்கு அடியிலிருந்து வழுக்கி, துள்ளி, ஓடிப்போய்ச் சாக்கடையோரம் முழுசாக உட்கார்ந்தது. அம்மா அதையே பார்த்தாள்.

"தரை ஈரமா இருக்கு" என்றார் அப்பா.

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் அம்மா.

சாவி உடனே கைக்கு வரவில்லை. முதல் பனி விழுந்ததும் தானும் கூட வருவதாகவும், ஓட்டுவதைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகவும் அப்பா நிபந்தனை போட்டார். சரியாக ஓட்டினால் சாவி என்னிடம். இல்லையென்றால் ஆணியில், ஏப்ரல் வரை.

பனி அடுத்த சனிக்கிழமை விடியலில் வந்தது. எழுந்து திரையை விலக்கினால், தெரு தன் பெயரை மறந்துவிட்டு நிற்கிறது. அந்த வெள்ளை வந்து இறங்கும்போது ஊருக்குள் ஓர் அமைதி பரவும். ஒலியையெல்லாம் யாரோ பஞ்சுக்குள் சுற்றி எடுத்து வைத்த மாதிரி. அப்பா கோட்டுக்கு மேல் கோட்டு, மங்கி குல்லாய். பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. முன் சக்கரங்கள் பனியைக் கறுக் கறுக்கென்று கடித்துக்கொண்டு போயின. "பாத்தியா, எப்படிப் பிடிக்குது" என்றார். கோத்-டே-நேஜ் சாலையில் ஏறும்போது பின்னால் ஒரு முணுமுணுப்பு, வழுக்கி வழுக்கி, எப்படியோ ஏறிவிட்டது. இறங்கும்போதுதான். கீழே விளக்கு சிவப்பாக மாறியது. மெதுவாகப் பிரேக்கில் கால் வைத்தேன். முன்பக்கம் நின்றது. பின்பக்கத்துக்கு நிற்க மனசில்லை. அது எங்களைத் தாண்டி முன்னே வரப் பார்த்தது. கண்ணாடிக்கு வெளியே ஊர் நகர்ந்தது. ஒரு மரம், ஒரு வீட்டு வாசற்படி, பனி வாரிக்கொண்டிருந்த ஒருவரின் சிவப்புத் தொப்பி, மறுபடி மரம். சத்தமே இல்லை. தொட்டில் ஆடுகிற மாதிரி அவ்வளவு மெதுவாக அந்தக் கல்யாண மண்டபம் திரும்பியது. வந்த பக்கமே முகத்தைக் காட்டி, ஓரத்துப் பனிக்குவியலில் வாலைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

வேறு வண்டி எதுவும் பக்கத்தில் இல்லை. இப்போது நினைத்தாலும் அதற்காக ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

அப்பாவின் இடது கை என் முன்னால் நீண்டு, தடுப்புக் கட்டை மாதிரி நின்றுகொண்டிருந்தது. எப்போது நீட்டினார் என்று தெரியாது. சிவப்புத் தொப்பிக்காரர் பனி வாரும் மண்வெட்டியோடு ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார். "சா வா? சா வா?" ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கிறார். இருவரும் தலையாட்டினோம். அவர் பின்னால் போய், கூட யாரையோ கூப்பிட்டு, தள்ளிச் சாலைக்கு ஏற்றிவிட்டுப் போய்விட்டார். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அப்பா கையை நீட்டி, சாவியைத் திருகி எடுத்தார். இஞ்சின் நின்றது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். கன்னத்தில் ஓடுவதைத் துடைக்கக்கூட இல்லை.

வெகுநேரம் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"எது மொதல்ல போச்சு?"

"பின்னாடிப்பா."

"முன்னாடி?"

"முன்னாடி நான் சொன்னத கேட்டுச்சு. பின்னாடிதான் கேக்கல."

"நீ வேகமா மிதிச்சியா?"

"இல்லப்பா. சத்தியமா."

"இல்ல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். வெளியே எதிரில் இருந்த மரத்தைப் பார்த்தார். அது மேப்பிள் மரம், இலையே இல்லை. "இங்க மரம் பின்னாலேருந்து வருது போல."

சாவியைத் திரும்ப அதன் துவாரத்தில் செருகினார். கதவைத் திறந்து இறங்கினார். ஓட்டுகிற இடத்துக்கு வருகிறார் என்று நான் நகர ஆரம்பித்தேன். அவர் பின் கதவைத் திறந்து, பின் இருக்கையில், சரியாக நடுவில் ஏறி உட்கார்ந்தார்.

"அப்பா?"

"கனம் வேணும்னானே அவன்" என்றார். "அந்தக் கடைக்கு விடு. மெதுவா."

அப்படித்தான் வில்லரே வரைக்கும் போனோம். கண்ணாடியில் அந்த மங்கி குல்லாய் தெரிந்துகொண்டே இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. பிரேக் போடும்போதெல்லாம் மட்டும் இருக்கையில் தன்னை அழுத்திக்கொள்வது தெரிந்தது.

கடைக்காரர் காரின் வாலில் ஒட்டியிருந்த பனியைப் பார்த்தார், அப்பா பின்னாலிருந்து இறங்குவதைப் பார்த்தார். "காப்பி?" என்றார். அப்பா வாங்கிக் குடித்தார். பிறகு புதுசு இரண்டையும் பின்னால் மாற்றச் சொன்னார். முன்னால் போட, மூலையில் அடுக்கியிருந்த பழைய பனி டயர்களில் இரண்டை அவரே குந்தி உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார். யாரோ ஓட்டித் தேய்த்ததுதான். வரிப்பள்ளம் ஒவ்வொன்றிலும் நகத்தை விட்டுப் பார்த்தார், உள்பக்கம் கைவிட்டு வெடிப்பு இருக்கிறதா என்று தடவினார். கை முழுக்கக் கறுப்பு.

"அம்மாகிட்ட பழசுன்னு சொல்லாத" என்றார்.

அம்மாவுக்கு டயர் பழசு என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஒன்றே ஒன்று செய்தாள். சைனாடவுனில் அந்த மாதத்துக்கு வாங்கிய அரிசி மூட்டையை வீட்டுக்கு ஏற்றவே விடவில்லை. "மணலுக்குக் கொட்டுற காச இதுக்குக் கொட்டுனா தின்னவாவது தின்னலாம். டிக்கியிலயே கெடக்கட்டும்."

திங்கட்கிழமை காலை ஆணி வெறுமனே இருந்தது. நான் தனியாகப் போனேன். பின் இருக்கையில் யாருமில்லை, பின் சக்கரத்துக்கு மேல் அரிசி.

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டு அரிசி காரில்தான் இருந்தது. அம்மா ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு பாத்திரத்தோடு கீழே இறங்கி, டிக்கியைத் திறந்து அள்ளி வருவாள். கைவிரல் விறைத்துவிடும். எதிர்வீட்டுப் பெண்மணி ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து, கடைசியில் கேட்டே விட்டாள், உங்கள் நாட்டில் காரில்தான் சமைப்பீர்களா என்று. விருந்தாளிகள் வந்த வாரம் மூட்டை இளைத்துவிட்டது. வண்டியும் லேசாக இடுப்பை ஆட்டியது. மறுநாளே அப்பா புது மூட்டையோடு வந்து நின்றார். பாதி மூட்டை சோறாகும் முன்பே அடுத்தது. அந்த வருஷம் நாங்கள் எல்லோரும் கொஞ்சம் குண்டானோம்.

இரவு அம்மாவைக் கூட்டிவரக் கிளம்பும்போது, அப்பா பால்கனிக் கதவைத் திறந்து, குளிர் உள்ளே வருகிறதே என்றுகூடப் பார்க்காமல், மூன்றாவது மாடியிலிருந்து கத்துவார்:

"டிக்கியில அரிசி இருக்கா?"

"இருக்குப்பா!"

"நெறைய இருக்கா?"

"நெறைய இருக்குப்பா!"

பிறகுதான் கதவு மூடும். நானும் அம்மாவும் ஆற்றோரம் போவோம். துறைமுகத்தில் விளக்குகள் பனிக்குள் மஞ்சள் மஞ்சளாக ஊறிக் கிடக்கும். பின்னால் அந்த மூட்டை, ஒரு வார்த்தை பேசாமல், எங்களைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இப்போது என் காருக்குப் பின்னால் கனம் வேண்டியதில்லை. முன் சக்கரம் இழுக்கிற வண்டி, நான்கும் நல்ல டயர். ஆனாலும் முதல் பனி விழுகிற வாரம் அரிசி வாங்கினால், மூட்டையை உடனே உள்ளே எடுத்துப் போவதில்லை. சில நாள் டிக்கியில் கிடக்க விடுகிறேன். கிளம்பும்போது தலை தானாக மேலே, பால்கனிப் பக்கம் போகிறது. இருக்குப்பா. நெறைய இருக்கு.