சுளவில் கிடந்த ஏழுமாசப் பிள்ளை

ஜன்னியில் கண்டது என்றுதான் ஊரில் எல்லாரும் சொன்னார்கள். சொல்லட்டும். பார்த்தது என் கண். பேய் ராத்திரியில்தான் வரும் என்பதும் சும்மா பேச்சு. நான் பார்த்தது பட்டப்பகலில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று, ஐப்பசி. மணவாளக்குறிச்சிக்கு வடக்கே எங்கள் வீடு. அடைமழை. ஆற்றில் வெள்ளம், ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. ஏழாம் மாசத்திலேயே வலி கண்டு, நினைவில்லாமல் பெற்றேன். கண் விழித்தபோது காய்ச்சலில் கை கால் அசையவில்லை. நாக்கும் எழவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் அரிசி புடைக்கும் சுளவு. அதில் பஞ்சுக்குள் என் மகன், அணில் குஞ்சு மாதிரி.

அவனை மல்லாக்கப் போட்டு, தலைக்கு அடியில் துணியை வளையமாகச் சுற்றி வைத்திருந்தார் சத்தியபாய் மைனி, என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் பக்கம் அப்படித்தான். தலை உருண்டையாக வரவேண்டுமே! உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிற பிள்ளைக்கும் அழகு பார்க்காமல் விடமாட்டார்கள்.

மைனி அடுக்களைக்குப் போனார். வேதக்கோயில் மணி பன்னிரண்டு அடித்தது.

பிள்ளையின் உதடு நீலமானது. பிறகு விரல்கள். நெஞ்சு குழிந்தது... எழும்பவில்லை. கத்தப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. பெற்றவள் நான், ஒரு முழம் தள்ளிக் கிடந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரக்...

பஞ்சு அசைந்தது. யாரோ தோளைப் பிடித்துத் தள்ளியதுபோல் பிள்ளை புரண்டான். குப்புறக் கிடந்தான், முகம் ஒரு பக்கமாக. மூச்சு வந்தது. நீலம் வடிந்து உள்ளங்கால் சிவந்தது.

மைனி வந்தார்.

"ஆரு குப்புறப் போட்டது? நீ எந்திச்சியா?"

கண்ணால் கெஞ்சினேன்.

"நெஞ்சு அமுங்கிச் செத்துப்போவும், பாத்துக்கோ."

மறுபடி மல்லாக்கப் போட்டுவிட்டுப் போனார்.

மறுபடி நீலம்.

சரக்...

உற்றுக் கேட்டேன். சுளவில் இரண்டு மூச்சு.

மைனி திரும்பி வந்தார். பிள்ளையைப் புரட்ட அடியில் கை கொடுத்தார். புரட்ட முடியவில்லை.

"ஏசுவே..."

ஓடிவிட்டார்.

பிள்ளையின் தோளில் விரல் தடம். ஒவ்வொன்றும் நெல்லளவு.

மகன் பிழைத்தான். அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றுதான் என் வீட்டுக்காரர் ராஜையன் வாய் திறந்தார்.

"ரெட்டைப் பிள்ளையாக்கும், மக்கா. மூத்தது அந்தச் சுளவுலதான் மல்லாக்கக் கெடந்துது. நீலம் பாரிச்சு... மூச்சில்ல. நீ தாங்கமாட்டேன்னு சொல்லல்ல. விடியமுன்னே குழி தோண்டி வச்சோம்."

எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது.

"எப்பிடி வச்சிய?"

"மல்லாக்கத்தான்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மழை மண்ண அரிச்சிட்டுது. அன்னைக்கு மத்தியானம் மூடப் போனேன்... குப்புறக் கெடந்துது."