அனுப்புநர் பொன்னாயி, பெறுநர் பொன்னாயி

"ஏனுங்க சார், என் துப்பாக்கிய நானே எனக்கு அனுப்பிக்கோணும். அதுக்கு என்ன காயிதம் எழுதோணும்?"

2001ஆம் வருஷம் ஜூன் மாதம். நான் நாமக்கல் கலெக்டர் ஆபீசில் துப்பாக்கி லைசென்ஸ் பார்க்கும் பிரிவில் இளநிலை உதவியாளராக இருந்தேன். தேர்தலுக்காக போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கிகளை எல்லோரும் திரும்ப வாங்கிக்கொண்டிருந்த நேரம். அதில் ஏதோ சிக்கல் என்றுதான் முதலில் நினைத்தேன். ரசீதைக் கேட்டேன். மேஜைக்கு எதிரே நின்று கேட்ட அந்த அம்மா மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே லைசென்ஸ் புத்தகம், ஸ்டேஷன் ரசீது, ரேஷன் கார்டு எல்லாம் ஒழுங்காக மடித்து வைத்திருந்தார். "அது வாங்கியாச்சுங்க. இது வேற" என்றார்.

அவர் பெயர் பொன்னாயி. கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தைச் சேர்ந்தவர். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். வெள்ளாமைக் காவலுக்கென்று கொடுத்த நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் அவருடையது. எங்கள் மாவட்டமே பிறக்காத காலத்தில், சேலத்தில் போட்ட கையெழுத்து அதில் இருந்தது. மலையில் அப்படி லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் பலர். அத்தனை பேரும் ஆண்கள், இவர் ஒருவரைத் தவிர. இவருடைய கணவர் அர்த்தனாரிக்குச் சின்ன வயதிலிருந்தே பார்வை மங்கல். பத்தடிக்கு அப்பால் மனிதனா மாடா என்று தெரியாது. காட்டுப்பன்றி சாமைக் கொல்லையையும் குச்சிக்கிழங்குத் தோட்டத்தையும் உழுது போட்ட ஒரு வருஷம், பொன்னாயியே மனு எழுதிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். விசாரித்த அதிகாரி, உங்களுக்குச் சுடத் தெரியுமா என்று கேட்டாராம். "சுடறதுக்கு இல்லீங்க, சத்தம் போடறதுக்கு" என்றாராம் பொன்னாயி. ரவைக் குண்டு போடாமல் வெறும் வெடிமருந்தை மட்டும் கெட்டித்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி. பன்றி ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் வராது. பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். ஒரு உயிர் போனதில்லை.

இப்போது அவர் மலையை விட்டுப் போகிறார். கணவரின் அண்ணன் அருணாசலம் முப்பது வருஷத்துக்கு முன்பே திண்டுக்கல் பக்கம் தாண்டிக்குடி மலைக்குக் காபித் தோட்ட வேலைக்குப் போனவர். அங்கேயே காடு வாங்கி, மிளகும் காபியும் வைத்து ஆளாகிவிட்டார். பிள்ளை இல்லை. முட்டி தேய்ந்து நடக்க முடியாமல் போனதும் கடிதம் போட்டிருக்கிறார். தோட்டத்தை நீங்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், இங்கேயும் பன்றி உண்டு, பொன்னாயி துப்பாக்கியோடு வந்தால் நல்லது என்று. இங்கிருக்கும் நிலத்தைக் கொழுந்தன் மாணிக்கத்திடம் விட்டுவிட்டுக் கிளம்புவதென்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவெடுத்தார்கள்.

சாமான் ஏற்ற லாரி பேசியாயிற்று. துப்பாக்கிதான் இடித்தது. சாமை மூட்டைக்கு நடுவில் செருகிவிட்டால் யாருக்குத் தெரியும் என்றார் மாணிக்கம். ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு அங்கே போய்ப் புதிதாக எழுதிப் போடச் சொன்னார் ஊர்ப் பெரியவர் ஒருவர். இரண்டுக்கும் பொன்னாயி தலையாட்டவில்லை.

"ஒளிச்சுக் கொண்டுபோக அது களவாண்ட பொருளா தம்பி? கவர்மெண்டு நம்பர் அடிச்ச பொருளு. அது நேர் வழியிலயே வரட்டும்" என்று மாணிக்கத்திடம் சொல்லியிருக்கிறார்.

அந்த நேர் வழி எது என்று எனக்கும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. நான் அந்த நாற்காலிக்கு வந்து ஒன்றரை வருஷம். இடம் மாறிப் போகிறவர்கள் ஒப்படைப்பார்கள், இல்லாவிட்டால் சொல்லாமல் போவார்கள். என்னுடைய துப்பாக்கியை என் புது விலாசத்துக்கு அனுப்ப வழி சொல்லுங்கள் என்று யாரும் வந்து நின்றதில்லை. அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டு, பீரோவிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன். சூப்பரின்டெண்டென்டும் நானும் உட்கார்ந்து படித்தோம். பொன்னாயியின் லைசென்ஸ் எங்கள் மாவட்டத்துக்குள் மட்டும்தான் செல்லும். எல்லை தாண்ட வேண்டுமானால் இங்குள்ள ஸ்டேஷனில் ஆட்சேபணை இல்லையென்று எழுதித் தர வேண்டும். குடிபோகும் மாவட்டத்துக்குத் தகவல் போக வேண்டும். எந்த வழியாக, எத்தனை நாளைக்குள், எந்த எண்ணுள்ள துப்பாக்கி என்றெல்லாம் குறித்து ஒரு உத்தரவு போட வேண்டும். வழியில்லாமல் இல்லை. யாரும் அதில் நடந்ததில்லை, அவ்வளவுதான்.

பொன்னாயி நான்கு முறை வந்தார். காலை முதல் பஸ்ஸில் மலையிறங்கி, பத்தரைக்கு நான் வரும்போது வராந்தாவில் இருப்பார். கெஞ்சமாட்டார், கோபப்படவும் மாட்டார். இன்றைக்கு என்ன பாக்கி என்று கேட்பார், அதை முடித்துக்கொண்டு வருவார். குழலில் அடித்திருந்த எண்ணை நான் புத்தகத்தைப் பார்த்து எழுதும்போது, பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு இலக்கத்தைத் தப்பாக எழுதியதைத் தலைகீழாகப் படித்தே கண்டுபிடித்தார். உத்தரவில் கையெழுத்தான அன்று அதை வாங்கி ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். நாமக்கல், சேலம், ஈரோடு, கரூர், திண்டுக்கல் என்று அதில் ஐந்து மாவட்டங்கள் இருந்தன. "அஞ்சு ஜில்லா தாண்டுதுங்களா? நான் இதுவரைக்கும் ரெண்டுதான் பாத்திருக்கறன்" என்றார்.

இனி நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. பாதியை ராஜா முகமது சொன்னார். மீதியை அடுத்த வருஷம் ஆடித் திருவிழாவுக்கு மலைக்கு வந்தபோது பொன்னாயியே ஆபீசுக்கு வந்து சொன்னார்.

ராஜா முகமது அடிவாரத்தில் துப்பாக்கியும் மருந்தும் விற்க லைசென்ஸ் வைத்திருந்தவர். மலைக்காரர்களில் பாதிப் பேர் அவர் கடையில்தான் மருந்து வாங்குவார்கள். துப்பாக்கியை ரயிலில் பார்சலாகப் போடுவதுதான் உத்தமம், அனுப்புகிறவரும் எடுக்கிறவரும் நீங்களே என்று எழுதிவிடுங்கள், நடுவில் இன்னொரு ஆளுக்குப் பொறுப்பு வராது என்று யோசனை சொன்னவர் அவர்தான். மருந்தும் அதைப் பற்றவைக்கும் கேப்பும் ரயிலில் ஏறக்கூடாது. பொன்னாயி வீட்டில் மிச்சமிருந்ததை ஒரு பொட்டு விடாமல் கொண்டுவந்து கடையில் திருப்பிக் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டார். ராஜா முகமது துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, குழலையும் கட்டையையும் தனித்தனியாகக் கழற்றினார். பலாப் பலகையில் நாலரை அடிக்கு ஒரு பெட்டி தயாரானது. உள்ளே சுற்றி வைக்க அவர் மனைவி தாஹிரா பீவி பழைய ஜமுக்காளம் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். அதற்குள் கொஞ்சம் கல்கண்டும் வைத்துக் கட்டப் போனாராம். சோதனை போடும்போது இது என்ன மருந்து என்று கேட்பார்கள் என்று சொல்லி, பொன்னாயி சிரித்துக்கொண்டே அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

சேலம் ரயில்வே ஸ்டேஷனுக்கு ராஜா முகமதுவும் கூடப் போனார். பார்சல் ஆபீசில் இருந்த இளைஞர் படிவத்தைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

"ஏம்மா, அனுப்பறவங்க பேரு பொன்னாயி. வாங்கறவங்க பேரும் பொன்னாயியா?"

"ஆமாங்க."

"ரெண்டு பேரும் ஒரே பேரா?"

"ஒரே ஆளுங்க. இங்க இருக்கறவ நானு. நாளைக்கு அங்க இருக்கறவளும் நானு."

உள்ளே என்ன என்று கேட்டார் அவர். துப்பாக்கி என்றார் பொன்னாயி, குரலைத் தணிக்காமல். வரிசையில் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். இளைஞர் எழுந்து உள்ளே போய் ரயில்வே போலீஸ்காரர் ஒருவரை அழைத்து வந்தார். ராஜா முகமது பேச வாயெடுத்தார். பொன்னாயி கையைக் காட்டி நிறுத்திவிட்டு, உறையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். லைசென்ஸ், ஸ்டேஷன் கடிதம், கலெக்டர் ஆபீஸ் உத்தரவு, மருந்து ஒப்படைத்த சீட்டு. போலீஸ்காரர் அத்தனையையும் படித்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். பொன்னாயி குழலை எடுத்து நிமிர்த்திப் பிடித்து, மருந்து இடிக்கும் கம்பியை உள்ளே விட்டார். அடியில் போய் டங்கென்று இரும்பில் மோதியது. கம்பியை வெளியே எடுத்து, குழலோடு ஒட்டி வைத்துக் காட்டினார். குழல் எவ்வளவோ கம்பி அவ்வளவு உள்ளே போயிருந்தது. காலிக் குழல்.

"சுடறது யாரு, வீட்டுக்காரரா?" என்று கேட்டார் போலீஸ்காரர். பக்கத்தில் கையில் பையோடு நின்ற அர்த்தனாரி, "நான் கதவு தொறந்து உடுவனுங்க. அவ்வளவுதான்" என்றார். போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியை மூடி அரக்கு வைக்கச் சொல்லிவிட்டு, உத்தரவின் எண்ணைப் படிவத்தில் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இத்தனை வருஷத்தில் முழுக் காகிதத்தோடு ஒரு துப்பாக்கியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றாராம்.

அதே ரயிலில் இருவரும் ஏறினார்கள். பெட்டி பின்னால் பிரேக் வேனில். கரூர் தாண்டும் வரை அர்த்தனாரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வண்டி நிற்கும் போதெல்லாம் யாராவது இறக்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பொன்னாயி கல்கண்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொடுத்தார். ரசீதில் இறங்கும் ஊர் எழுதியிருக்கிறது, அதை இறக்குவது அவர்கள் வேலை என்று சொல்லிவிட்டு, ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார்.

அதே நேரத்தில் லாரி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. சாமானோடு மாணிக்கம் இருந்தார். அந்த வருஷங்களில் காட்டோரச் சோதனைச் சாவடிகளில் கெடுபிடி அதிகம். மலையடிவாரச் சாவடி ஒன்றில் லாரியை ஓரங்கட்டி, தார்ப்பாயை அவிழ்த்து, மூட்டை மூட்டையாக இறக்கச் சொன்னார்கள். ஒருவர் கூரான இரும்புக் கம்பியால் ஒவ்வொரு சாமை மூட்டையையும் நாலு பக்கமும் குத்திப் பார்த்தார். தேடியது துப்பாக்கியைத்தானா வேறெதையோவா என்று மாணிக்கத்துக்குத் தெரியாது. கடைசி மூட்டை முடிந்ததும், ஓட்டை வழியே சாமை சிந்தச் சிந்த மூட்டைகளைத் திரும்ப ஏற்றினார். சாயங்காலம் தாண்டிக்குடி வந்து சேர்ந்ததும் அண்ணியைத் தேடிப் போய், "நீங்க சொன்னது சரிதானுங்க அண்ணி" என்று மட்டும் சொன்னார். சிந்திய சாமையைப் பற்றிக் கேட்டதற்கு, அடுத்த வருஷம் விளைந்துவிடும் என்றார்.

கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் பெட்டி அரக்குக் கலையாமல் இறங்கியது. பொன்னாயி ரசீதையும் லைசென்சையும் காட்டிக் கையெழுத்துப் போட்டுத் தான் அனுப்பியதைத் தானே வாங்கிக்கொண்டார். நேராகத் தோட்டத்துக்குப் போகவில்லை. ஜீப்பில் பெட்டியை ஏற்றி, முதலில் அந்த மலையின் போலீஸ் ஸ்டேஷனில் போய் இறங்கினார். அங்கே இருந்த ஏட்டு, வீட்டுக்குப் போய் சாமான் இறக்கிவிட்டு நாளைக்கு மெதுவாக வந்திருக்கலாமே என்று கேட்டார்.

"இல்லீங்க. இது ஊட்டுக்குள்ள போறதுக்கு முன்னால உங்க நோட்டுக்குள்ள போகோணும்" என்றார் பொன்னாயி.

ஏட்டு எண்ணைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். புது மாவட்டத்தில் லைசென்சைப் பதிந்து கொடுக்க ஒரு மாதம் ஆனது. அதுவரை பெட்டி ஸ்டேஷனிலேயே இருந்தது. அதற்கும் பொன்னாயி ரசீது வாங்கி வைத்துக்கொண்டார். அந்த ஒரு மாதமும் பன்றி தினமும் வந்தது. அருணாசலம் வாசலில் உட்கார்ந்தபடி தகரத்தைத் தட்டி ஓய்ந்துபோனார். இவ்வளவு நாள் ஆகிறதே என்று அவர் சலித்துக்கொண்டபோதும் பொன்னாயி அசரவில்லை. தகரத்தைத் தானே வாங்கித் தட்டினார்.

ஆகஸ்டில் லைசென்ஸ் கைக்கு வந்தது. திண்டுக்கல்லில் மருந்து வாங்கி வந்து, மறுநாள் விடிகாலை காபிச் செடிகளுக்கு மேலே வானத்தைப் பார்த்து முதல் வெடியைப் போட்டார். எதிர்மலையில் மோதி சத்தம் இரண்டு தடவை திரும்பி வந்தது. கொல்லிமலையில் ஒரு தடவைதான் வருமாம். இங்கே மருந்து பாதி போட்டாலே போதும் என்று அன்றைக்கே கண்டுகொண்டார்.

அந்த வருஷம் தோட்டத்தில் ஊடுபயிராகப் போட்ட கிழங்கு முழுசாக வீடு வந்தது. மிளகும் நன்றாகக் காய்த்தது. ஆடியில் ஆபீசுக்கு வந்தபோது எனக்கும் சூப்பரின்டெண்டென்டுக்கும் ஆளுக்கொரு பொட்டலம் மிளகு கொண்டுவந்திருந்தார். ஆபீசில் வாங்கக் கூடாது என்றேன். சரிங்க என்று மறுபேச்சில்லாமல் பைக்குள் வைத்துக்கொண்டார். விதியென்றால் அவருக்கு அவ்வளவுதான்.

அதற்கப்புறம் இடம் மாறிப் போகிற மலைக்காரர்கள் சிலர் எங்களிடம் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முறையும் சூப்பரின்டெண்டென்ட், "அந்த பொன்னாயி பைலை எடுப்பா" என்பார். அதில் உள்ளபடியே பெயரையும் எண்ணையும் மாற்றி எழுதுவோம். நான் வேறு பிரிவுக்கு மாறிய பிறகும் அந்த பைல் அங்கேயேதான் இருந்தது.

2004இல் தாண்டிக்குடியிலிருந்து எனக்கு ஒரு தபால் கார்டு வந்தது. பக்கத்துத் தோட்டத்து மாதம்மாள் தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு எழுத விரும்புகிறாள், நல்ல தைரியசாலி, படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார் பொன்னாயி. திண்டுக்கல் ஆபீசில் எந்தப் பிரிவில் கேட்க வேண்டும் என்று விசாரித்து அன்றைக்கே பதில் போட்டேன்.