வெள்ளைக் கோடும் ஒரு பி.இ.யும்

எங்கள் வீட்டு ஹாலில் நிற்கும் வீடியோ கேம் பெட்டியைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "ஏ.டி.எம்.மா தம்பி?" என்றுதான். ஆளுயரம். மேலே டிவி மாதிரி ஒரு திரை, இடுப்பு உயரத்தில் பிடித்து ஆட்டும் குச்சி, பக்கத்தில் பொத்தான்கள், அதற்கும் கீழே காசு போடும் துவாரம். நம் விமானத்தை ஓட்டிக்கொண்டே எதிரி விமானங்களைச் சுட வேண்டும். நான் பிறப்பதற்கு முன்னால் லப்பைக்குடிக்காட்டில் இது ஒரு கடையில் ஓடியிருக்கிறது. கடையை மூடிவிட்டு வளைகுடா போய்த் திரும்பி வந்த பாய், வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்ததைக் காட்டினார்.

"எடுத்துட்டுப் போங்க தம்பி. இன்ஷா அல்லாஹ் ஓடும். ஓடலேன்னா கோழி அடைச்சுக்கலாம்."

இது எனக்கு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். எலெக்ட்ரானிக்ஸில் பி.இ. அப்பா கொத்தனார். நான் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து சாரத்தின் மேல் நின்று, "எம் பையன் இன்ஜினீரு" என்று சொல்லிக்கொண்டேதான் பூசுவார். அக்கா பிள்ளைக்குக் காது குத்தியபோது வைத்த பிளெக்ஸில் நடுவில் நான், பெயருக்குப் பின்னால் பி.இ.; காது குத்திக்கொள்ளும் பிள்ளை ஒரு மூலையில்.

படித்து முடித்ததும் தெருவே மிக்சியும் ரேடியோவுமாக வந்தது. எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தேன்: "அது எங்க சிலபஸ்ல இல்லங்க."

"அப்ப எதுதாம்ப்பா இருந்துச்சு?" என்று ஒரு அக்கா நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் எடைமேடையில் உட்கார்ந்து லாரி நம்பர்களைக் கம்ப்யூட்டரில் தட்டுகிறேன். அப்பா அந்த வாக்கியத்தை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. யாராவது விசாரித்தால், "அரியலூர்ப் பக்கம் போயிட்டு வரான்" என்பார், ஏதோ மேய்ச்சலுக்குப் போய் வருவதைப் போல. அவர் வாயில் அந்த வாக்கியம் மறுபடி வர வேண்டும். அதற்குத்தான் பெட்டி.

பெட்டியின் அடிப்பலகையைக் கரையான் தின்றிருந்தது. புதுப் பலகை பார்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தால், அப்பா நான்கு வரிசை செங்கல் வைத்துக் கட்டி, சிமென்ட் பூசி, விளிம்பெல்லாம் மழுக்கி, பெட்டியை அதன்மேல் ஏற்றிப் பதித்துவிட்டிருந்தார். பழுது பார்க்கும் கதவு பெட்டியின் பின்பக்கம். அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பின்னாடி கதவு இருக்குப்பா."

"பாக்குறது முன்னாடிதானடா? பின்னாடி எவன் கதவு வச்சான்?" என்றார். "ஒரு ஆளு நுழையுற அளவுக்கு எடம் வுட்டுருக்கேன். இன்னும் நூறு வருசத்துக்கு அசையாது."

நான் முறைப்படி செய்கிறவன். ஒரு ரெகார்டு நோட்டு போட்டேன். நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, முடிவு. எங்கள் கல்லூரி லேபில் முடிவை முதலில் எழுதிவிட்டுத்தான் வயரைத் தொடுவோம். அப்படியே, "இதனால் பெட்டியின் இயக்கம் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி அடிக்கோடிட்டேன். அதற்கப்புறம் அமெரிக்காக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்துக் கெப்பாசிட்டர்களை எல்லாம் மாற்றினேன். அவர்கள் ஆளுக்கு நாற்பது டப்பாக்களில் திருகாணிகளைப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் ஒரே சில்வர் டம்ளரில் போட்டேன். அம்மா அதில் யாருக்கோ தண்ணீர் கொடுத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவிட்சைப் போட்டேன். குண்டு வெடிக்கும் சத்தம் பிரமாதமாக வந்தது. திரையில் மட்டும் நடுவே கிடையாக ஒரு வெள்ளைக் கோடு.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். "படம் எங்கடா?"

"வருதுப்பா. கோடா வருது."

"கோடு நான் நூல் புடிச்சே போட்டுருவேனே."

அடுத்த மூன்று ஞாயிறும் அதே கோடு. டிவி வேலை செய்யும் விதத்தைப் படம் வரைந்து விளக்குவது எனக்குப் பதினாறு மார்க் கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். சுவரில் சாக்பீஸால் வரைந்தும் பார்த்தேன். எந்தக் கட்டத்தில் கோளாறு என்று சொல்ல முடிந்தது. அந்தக் கட்டம் பெட்டிக்குள் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

ஐந்தாவது ஞாயிறு அப்பா என்னைக் கேட்காமலே வேப்பந்தட்டையிலிருந்து டிவி ரிப்பேர்க்காரனைக் கூட்டி வந்துவிட்டார். பத்தாவது வரை என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன். கணக்கில் பெயிலாகி ஒரு டிவி கடைக்கு வேலைக்குப் போனான். என் விடைத்தாளைப் பார்த்து எழுதியும் பெயிலானதை இன்னும் என் குற்றமாகவே சொல்வான். வந்ததும் ரெகார்டு நோட்டை எடுத்துப் புரட்டினான்.

"முடிவு வந்துருச்சு போலருக்கு மச்சான். படம்தான் வரல."

அப்பா டீ வாங்கப் போனார். அவன் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் போர்டை அங்கங்கே மெல்லத் தட்டினான். ஓர் இடத்தில் தட்டியதும் கோடு துள்ளி விரிந்து மறுபடி ஒடுங்கியது.

"ஈயப் பத்து வச்ச எடம் விட்டுருக்கு. டார்ச்சப் புடி. அங்க இல்லடா, இங்க."

பிடித்தேன். பழைய ஈயத்தை உருக்கிப் புதிதாக வைத்தான். அவ்வளவுதான். அப்பா டீயோடு உள்ளே வரும்போது திரை முழுக்க விமானங்கள்.

"மச்சாந்தான் மாமா கண்டுபுடிச்சான்" என்றான் அவன். "நான் சும்மா ஈயம் வச்சேன்."

நான் இல்லை என்று சொல்லவில்லை. டீ சூடாக இருந்தது, அதனால் பேச முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மறு ஞாயிறு அப்பாவை வண்டியில் பூலாம்பாடிக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு வீட்டில் அவருக்குப் பூச்சு வேலை. இறங்கியதும் இறங்காததுமாக வீட்டுக்காரரிடம், "எம் பையன் இன்ஜினீரு. செத்துக் கெடந்த மிசினை எழுப்பி வுட்டுட்டான்" என்றார். மூன்று வருடம் சொல்லாமல் வைத்திருந்ததால் குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்தது.

"அப்ப நம்ம வூட்டு இன்வெர்ட்டரையும் பாக்கச் சொல்லுங்க மேஸ்திரி" என்றார் வீட்டுக்காரர்.

"வேலை முடிஞ்சதும் பாப்பாப்ல" என்றார் அப்பா. நான் வேலை முடியும் முன்பே போன் வந்த மாதிரி தெருவுக்கு நழுவினேன். சாயங்காலம் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பி, ஊர் எல்லை தாண்டியதும் சொல்லிவிட்டேன்.

"பெட்டிய நான் சரி பண்ணலப்பா. அவந்தான்."

அப்பா பின்னாலிருந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அப்ப நீ என்னடா பண்ண?"

"டார்ச் புடிச்சேன்."

"வண்டிய நிறுத்து" என்றார். நிறுத்தினேன். இறங்கி நடந்தே போய்விடுவார் என்று நினைத்தேன். இறங்கவில்லை.

"திருப்பு. அந்த இன்வெர்ட்டர எடுத்துக்க. நேரா அவங் கடைக்குப் போ. இந்தத் தடவ டார்ச்ச அவங் கையில குடு. நீ பிரி."

"எனக்குத் தெரியாதேப்பா."

"தெரியற வரைக்கும் அங்கயே உக்காரு. எம் பையன் இன்ஜினீருன்னு நான் சொன்னது சொன்னதுதான். திருப்பி வாங்க மாட்டேன்."

வண்டியைத் திருப்பினேன்.