நாலாவது ஆள்

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, மூவாரிலிருந்து தொலைபேசி வந்ததாகப் பியூன் ஓடிவந்து சொன்னார். ராஜமாணிக்கம் காலமாகிவிட்டார். காலையில் கோப்பிக் கடையில் பசியாறிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம், அவ்வளவுதான். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மறுநாள் மூவார் ஆற்றங்கரையில் படம் எடுக்கப் போகிறோம், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிடு என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தவர் அவர். சட்டையை என் மனைவி கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வைத்திருந்தாள். அந்தச் சட்டையோடுதான் சாவு வீட்டுக்குப் போய் நின்றேன்.

வேலை மாற்றலாகி மூவாருக்குப் போகும்வரை அவர் மலாக்காவில், காஜா பெராங்கில்தான் குடியிருந்தார். அங்கே மாணிக்கண்ணன் என்றால்தான் தெரியும். இதை வாசிக்கும் உங்களில் பலருடைய வீட்டுச் சுவரில் அவர் எடுத்த படம் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். அதில் கணவன், மனைவி, குழந்தை மூவருக்கும் பக்கத்தில், எந்த உறவும் இல்லாமல் ஒல்லியாக ஓர் ஆள் ஓரமாக நிற்பான். அவன் யார் என்று உங்கள் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். நீங்களும் ஏதோ சொல்லிச் சமாளித்திருப்பீர்கள். அவன் நான்தான்.

நாங்கள் இருவரும் ஒரே அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாக்கள். என்னைவிட அவர் சில வயது மூத்தவர். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து, மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கிற பெட்டிக் காமிரா ஒன்றை வாங்கினார். அன்றைக்கு அவருக்குப் பிடித்த பித்து கடைசிவரை தெளியவில்லை. படம் கழுவுவது குளியலறையில். அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாருக்கும் குளியல் கிடையாது. எடுத்த படத்துக்கு யாரிடமும் பத்துக் காசு வாங்கியதில்லை. "சூரியனும் மேலதிகாரியும் ஒண்ணு. அவங்க வர்றப்ப நாம எடத்துல இருக்கணும்" என்பார். சூரியன் விஷயத்தில் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். மேலதிகாரி விஷயத்தில் அவர் இல்லாதபோது சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

ஞாயிறுதோறும் இரண்டு சைக்கிளில் கிளம்புவோம். காமிரா அவர் கழுத்தில், அதை நிறுத்துகிற முக்காலி என் சைக்கிளில். என்னை எதற்கு இழுத்துக்கொண்டு போகிறார் என்றால், முக்காலி தூக்கத்தான் என்று நானும் முதலில் நம்பினேன்.

கம்போங் செட்டியில் ஒரு வீட்டு வாசலில்தான் என்னுடைய உண்மையான வேலை ஆரம்பமானது. அங்கே பல தலைமுறைகளாக இருக்கிற செட்டிகள் சாமி கும்பிடுவது நம்மைப் போல, பேசுவது மலாய். இளம் தம்பதி, கையில் ஒரு குழந்தை. வெளிச்சம் அருமையாக இருந்தது. மாணிக்கண்ணன் குனிந்து காமிராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் திடீரென்று விரலை நீட்டி எண்ணினாள். "தீகா ஓராங் தா போலே லா" என்று சொல்லிவிட்டுக் குழந்தையுடன் வீட்டுக்குள் போய்விட்டாள். மூன்று பேர் கூடாது. மூன்று பேர் நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆயுசு கெட்டி இல்லை என்பது நம் ஊரில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம். அப்போதுதான் மாணிக்கண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கசாப்புக் கடைக்காரர் ஆட்டைப் பார்ப்பார் இல்லையா, அந்தப் பார்வை.

"முக்காலிய நான் பாத்துக்கிறேன். நீ போய் அவங்க பக்கத்துல நில்லுப்பா. ஓரமா நில்லு. பெறகு வெட்டிடலாம்" என்றார்.

நின்றேன். நாலு பேர் ஆனதும் நடு ஆள் என்று யாரும் இல்லை. அந்தப் பெண் நிம்மதியாகச் சிரித்தாள். படமும் நன்றாக வந்தது. அதற்குப் பிறகு மலாக்காவில் எங்கெல்லாம் மூன்று பேர் சேர்ந்து நின்றார்களோ, அங்கெல்லாம் நான் நாலாவதாக நின்றேன். ஆற்றுப் பாலத்தில் ஒரு சீனக் குடும்பத்தோடு நின்றேன். கடற்கரையில் ஒரு மீனவர் குடும்பத்தோடு நின்றேன். ஒரு வீட்டில் தாய் தலைவாரிக்கொள்ளட்டும் என்று குழந்தையை என் கையில் கொடுத்தவர்கள், படம் எடுக்கும்போதும் திரும்ப வாங்கவில்லை. அது என் வெள்ளைச் சட்டையை நனைத்ததும் படத்தில் தெரிகிறது. வெட்டுவதாகச் சொன்னதை மட்டும் அவர் செய்யவே இல்லை.

மலாக்காவை ஒட்டிய செங் பக்கம் ஒரு கோவில் திருவிழாவுக்குப் படம் எடுக்கப் போனபோது ஒரு பெண்ணைப் பார்த்தேன். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாரின் ஒரே மகள். பார்த்தேன் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் அன்று முக்காலியைக் கோவிலிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தேன். மாணிக்கண்ணனுக்கு அது போதும். யார் யாரையோ பிடித்து, கிராணியார் காதுவரை பேச்சைக் கொண்டுபோனார். பையனைப் பற்றி விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம் கிராணியார். மிகவும் கண்டிப்பானவர், ஆங்கிலப் பத்திரிகை படிப்பவர், இதற்கு முன் வந்த வரன்களையெல்லாம் ஏதாவது ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்பியவர். எனக்கோ அந்தப் பெண் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மெர்டேக்கா வந்தது, நாடு சுதந்திரம் அடைந்தது. ஊரெல்லாம் தோரணம் கட்டினார்கள், நம் பங்குக்கு ஒரு கண்காட்சி வைப்போம் என்று மாணிக்கண்ணன் கிளம்பினார். மண்டபம் பிடிக்க வசதியில்லை, வெட்டவெளியில்தான். கம்போங் செட்டி வீடுகளுக்கு நடுவே இருந்த திடலில், மரத்துக்கு மரம் துணி காயப்போடும் கொடிக்கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப்பால் படங்களைத் தொங்கவிடுவது என்று முடிவானது. ஒத்திகை பார்த்த அன்றே மழை பெய்தது. படங்களை அள்ளிக்கொண்டு ஓடினோம். வெயில் வந்து திரும்பிப் போனால், நல்ல கொடி சும்மா கிடக்கிறதே என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் ஈரச் சாரோங்குகளைக் காயப்போட்டிருந்தார்கள். அவை காய்ந்த பிறகுதான் எங்கள் ஒத்திகை நடந்தது.

கண்காட்சிக்குக் கிராணியாரைக் குடும்பத்தோடு அழைத்துவிட்டதாக மாணிக்கண்ணன் பெருமையாகச் சொன்னார். பெண் பார்க்கிறோம், மாப்பிள்ளை பார்க்கிறோம் என்ற கூச்சமில்லாமல் இயல்பாகப் பார்த்துக்கொள்ளலாமாம். நானோ படங்களை ஒருமுறை வரிசையாகப் பார்த்திருந்தேன். என்னை வெட்டிவிடுங்கள் அண்ணே என்று கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. "எம்படத்துல கத்தரி வைக்க மாட்டேன். நீ இல்லன்னா அந்தப் பக்கம் சாஞ்சிடும்" என்றார். சாய்ந்தால் சாயட்டும் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

கண்காட்சியன்று நல்ல கூட்டம். கிராணியார் கோட்டும் குடையுமாக வந்தார். பின்னால் அவர் மனைவி, அதற்குப் பின்னால் மகள். முதல் கொடியில் ஆறு, பாலம், படகு என்று பார்த்துத் தலையை ஆட்டினார். இரண்டாவது கொடியில் தலையாட்டல் நின்றது. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்கிற படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"தம்பிக்கு மொத்தம் எத்தன குடும்பம்?"

மாணிக்கண்ணன்தான் குறுக்கே வந்து, மூன்று பேர் சமாச்சாரத்தை விளக்கினார். கிராணியார் நம்பவில்லை. இந்தக் காலத்தில் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள், சுதந்திர நாட்டில் இப்படி ஒரு மூடநம்பிக்கையா, இதெல்லாம் ஒரு சாக்கு என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். போகப் போகிறார் என்று தெரிந்தது. என் கதை அந்தத் திடலிலேயே முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மாணிக்கண்ணன் வாதாடவில்லை. முக்காலியை நிறுத்தினார். "சரிங்கய்யா. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. நீங்க, அம்மா, பாப்பா, மூணு பேரும் அப்படி நில்லுங்க. ஒரு படம் எடுத்துக்கிறேன்" என்றார்.

மறுக்க முடியாதே. கிராணியார் கம்பீரமாக நின்றார். மனைவி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். மாணிக்கண்ணன் குனிந்தார். அந்த நேரத்தில்தான் தாம் நடுவில் இருப்பது கிராணியாருக்கு உறைத்தது போலிருக்கிறது. வெயில் கண்ணில் படுகிறது என்று சொல்லி மெல்ல மனைவிக்கு அந்தப் பக்கம் நகர்ந்தார். அந்த அம்மாள் சும்மா இருப்பாரா? முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் மகளைத் தாண்டிப் போய்விட்டார். இப்போது மகள் நடுவில். உடனே இருவரும் பதறி அவளை ஓரத்துக்குத் தள்ளினார்கள். மறுபடி கிராணியார் நடுவில். மாணிக்கண்ணன் நிமிரவே இல்லை. அவசரமில்லாமல் காமிராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். திடலில் இருந்தவர்களெல்லாம் படங்களை விட்டுவிட்டு இவர்களைப் பார்க்க வந்துவிட்டார்கள்.

கடைசியில் கிராணியார் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்தார். "தம்பி, சும்மாதானே நிக்கிறீங்க. நீங்களும் வந்து நில்லுங்க."

போனேன். பழக்கத்தில் ஓரமாக ஒதுங்கினேன். அந்தப் பெண் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் உள்ள வாப்பா" என்றார் மாணிக்கண்ணன்.

அடுத்த தை மாதம் கல்யாணம். எல்லாம் யோசித்துத்தான் செய்தாரா என்று பிறகு அவரிடம் கேட்டேன். "வெளிச்சம் நல்லா இருந்துச்சு. அதான் எடுத்தேன்" என்றார்.

அவர் காமிரா இனி அவர் தங்கை வீட்டில் இருக்கும் என்று சாவு வீட்டில் சொன்னார்கள். என்னிடம் அந்தப் படம் இருக்கிறது. மாமனார் விறைப்பாக நிற்கிறார். மாமியார் உயிருக்குப் பயந்தவராகத் தெரிகிறார். நான் காமிராவைப் பார்க்கவில்லை. அதன்மேல் குனிந்திருந்த மாணிக்கண்ணனின் வழுக்கைத் தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் நான் நிற்கிறேன்; என் குடும்பத்தோடு நிற்கிற முதல் படம் இதுதான். இதில் என்னை நிற்க வைத்தவர் போய்விட்டார். எனக்குத் தாங்கவில்லை.