அருவிக்கு நீட்டிய விரல்கள்

எங்கள் பக்கத்தில் தலைவலி முதல் தலைவிதி வரை எல்லாவற்றுக்கும் அருவித் தண்ணீர்தான் மருந்து. என் கணவர் போலீஸ் ஏட்டையாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எடுத்த முடிவை மாற்றும் வழக்கம் அவரிடம் கிடையாது. ஆகவே என் விரல் கணுக்கள் வீங்கத் தொடங்கியபோது அவர் யாரையும் யோசனை கேட்கவில்லை.

"வாதம்தான். சீசன் தண்ணியில மூலிகை ஓடுது. நாலு நாள் அடி வாங்குனாச் சரியாப் போவும்" என்றார்.

சாரல் தொடங்கியதும் தினமும் விடியற்காலையில் குற்றாலம் போனோம். அதற்கு முன் தைலம் போட்டு என் விரல்களை அழுத்தி உருவிவிடுவார். கண்ணில் நீர் முட்டும். பெண்கள் பக்கம் அவர் வர முடியாதே, அதனால் தள்ளி நின்று ஊரே கேட்கும்படி கத்துவார்: "ஏட்டி, ஓரமா நிக்காத! கைய நீட்டு! விரலு மேல விழட்டும்!" குளிக்க வந்த பெண்கள் என் கையைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே நீட்டுவேன்.

குளிரில் விரல்கள் மரத்துப்போகும். அந்த ஒரு மணி நேரம் வலி தெரியாது. அதைத்தான் இருவரும் குணம் என்று நம்பினோம். சீசன் முடிந்தபோது கேஸ் அடுப்பைத் திருகவும், ஜாக்கெட் கொக்கியை மாட்டவும் முடியவில்லை. ஒரு நாள் சோற்றைப் பிசைய முடியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இனி யாராவது ஊட்டிவிட வேண்டியிருக்குமோ என்று பயம் வந்தது. அப்படி ஒரு பயம் எனக்குப் பிரசவத்தில்கூட வந்ததில்லை. மறுநாள் நானே தென்காசியில் டாக்டரம்மாவைப் பார்க்கக் கிளம்பினேன். என் கணவரும் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார்.

"காலையில எந்திரிச்சா விரலு மடங்க எவ்வளவு நேரம் ஆவுது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இட்லி வெந்து, இவுக தின்னு முடிச்சு, நான் தட்டைக் கழுவும்போதுதான் மடங்குது."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. இரண்டு மணிக்கட்டுகளையும் மெல்லத் தொட்டுப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் விளக்கினார். வயதில் வரும் மூட்டுத் தேய்மானம் என்றால் வேலை செய்யும்போது வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். எனக்கு நேர்மாறு. ஓய்வெடுத்தால் இறுகி, வேலை செய்தால் இளகியது. நோயிலிருந்து உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே என் மூட்டுகளை எதிரியென்று நினைத்துத் தாக்கிக்கொண்டிருந்தது.

"அப்போ போலீசே வீட்டுக்காரனைப் போட்டு அடிக்க மாதிரியா?" என்று கேட்டார் என் கணவர்.

"அதேதான், அண்ணாச்சி. வீங்குன மூட்டை அழுத்தித் தேய்க்கவும் கூடாது. இந்த ரெண்டு விரலும் கோணிட்டு, இனி நிமிராது. மத்ததைக் காப்பாத்திரலாம். இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தா..." என்றவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வாரம் ஒரு முறை விழுங்கும் மாத்திரை கொடுத்தார்கள். ஈரலைக் கெடுக்கிறதா என்று அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். மாத்திரை வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும் என்றும் சொன்னார்கள். அந்த வாரங்களில் அவரோடு நான் சரியாகப் பேசவில்லை. கோபம்தான், மறைப்பதற்கு என்ன? கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். தெரிந்தும் அருவிக்கரையில் அவர் போட்ட கத்தல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு வீக்கம் வடிந்தது. என் சோற்றை நானே பிசைந்து தின்ற அன்று வழக்கத்தைவிட ஒரு பிடி அதிகமாகச் சாப்பிட்டேன்.

இந்த ஆண்டு சீசனுக்கு வாசுதேவநல்லூரிலிருந்து என் நாத்தனார் குடும்பத்தோடு வந்தாள். அவளுக்கும் மணிக்கட்டு வீங்கியிருந்தது. "நாளைக்கு என்னை அருவிக்குக் கூட்டிட்டுப் போண்ணே. நல்லா அடி வாங்குனாச் சரியாப் போவும்" என்றாள்.

"முதல்ல டாக்டர்ட்ட போவோம்" என்றார் என் கணவர்.

"நீயா இப்படிப் பேசுத? அருவிய விட்டா வேற மருந்து ஏதுன்னு நீதான சொல்லுவ?"

கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவர் எழுந்து வந்து என் வலது கையைப் பிடித்து, கோணிய விரல்கள் தெரியும்படி அவள் முன்னால் நீட்டினார். மணவறையைச் சுற்றி வந்த பிறகு நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். நான் என் கையை இழுத்துக்கொள்ளவில்லை.