மூன்றாம் பாகத்தில் இல்லாத குரல்

காலையில் கடை திறந்ததும் அனுப்பிய ஒலிக்கோப்புக்குப் பதினொரு மணியாகியும் ஒற்றை டிக்தான் இருந்தது. நான் எதை அனுப்பினாலும் சின்னப்பன் ஐயா கால் மணி நேரத்தில் கேட்டுவிடுவார். வேறு வேலை ஓடாமல் அந்த டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மோகனூரிலிருந்து அவருடைய மகன் செந்தில் அண்ணன் எங்கள் முதலாளியை அழைத்தார். "அப்பா இன்னைக்கு வெடியால தவறிட்டாருங்க. கேசட்டெல்லாம் உங்க கடையிலதான் இருக்குது, பத்திரமா வெச்சிருங்க" என்றார்.

பழைய தொலைக்காட்சி நாடகங்களின் இசையைத் தேடிச் சேர்க்கும் நம் குழுவில் ஐயாவை அறியாதவர் இல்லை. என்னை உங்களுக்குத் தெரியாது. செவ்வாய்ப்பேட்டையில் பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தரும் கடையில் வேலை செய்கிறேன். அவருடைய கேசட்டுகளை மாற்றியவள் நான்தான். குழுவில் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், அவரைப் பற்றிப் பேசினால் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும் என்பதுதான்.

முதல் நாள் அவர் ஒரு மாட்டுத்தீவனப் பையோடு வந்தார். "என்னங்க ஐயா, உள்ள கேசட்டா, தவுடா?" என்று முதலாளி கேட்டார். "ரெண்டுக்கும் ஒரே பைதானுங்க. மாடு இதைக் கேக்க மாட்டீங்குது, நீங்களாச்சும் கேளுங்க" என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேசட்டுகளை எண்ணினேன். ஒரே நாடகத்தின் பதின்மூன்று வாரங்கள், பதின்மூன்று கேசட்டுகள்.

ஐயா அந்த நாளில் போர்வெல் லாரி ஓட்டியவர். வருடத்தில் எட்டு, ஒன்பது மாதம் ராஜஸ்தான் பக்கம் போய்விடுவார். வீட்டில் அப்போதுதான் டிவி வாங்கியிருந்தார்கள். வாரம் தவறாமல் அவர் மனைவி மருதாயி அம்மா டிவியின் முன்னால் டேப்ரெக்கார்டரை வைத்து நாடகம் முழுவதையும் பதிவு செய்வார். கணவரால் காட்சியைப் பார்க்க முடியாதே என்று நடுநடுவே அவரே சொல்லுவார்: "இப்ப அவ கதவத் தொறந்துட்டு வந்து நிக்கறா. பச்சச் சீல." திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் அடுத்த லாரியில் ஊறுகாயோடு கேசட்டும் போகும். "நான் ஒரு நாடகத்தையும் கண்ணால பாத்ததில்லீங்க சாமி. எல்லாம் காதுல பாத்ததுதான்" என்பார் ஐயா.

நம் குழுவில் ஒருவர் அதே நாடகத்தின் சில நிமிடக் காட்சியை ஒருமுறை போட்டார் அல்லவா? கடைத் திரையில் அதை அவருக்குக் காட்டினேன். கதாநாயகி சிவப்புச் சேலையில் இருந்தாள். ஐயா திடுக்கிட்டார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "எங்கூட்டு டிவி கருப்பு வெள்ளைங்க சாமி! இத்தன வருசமா இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க. அத்தனை சீலைக்கும் மருதாயிதான் கலரு குடுத்திருக்கறா!" அதற்கு மேல் அவர் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப இவ பொய் சொல்லப் போறா. வயலின் நின்னுபோயிரும், கேளுங்க" என்றார். நின்றது.

மருதாயி அம்மா இறந்து ஆறு வருடங்கள் ஆகின்றன.

முதல் இரண்டு கேசட்டுகளை இரண்டு பாகங்களாகக் குழுவின் தொகுப்பில் ஏற்றியபோது, நடுவில் பேசும் அம்மாவை எடுத்துவிட்டு இசையை மட்டும் தர முடியுமா என்று உங்களில் பலர் கேட்டீர்கள். என் வேலையில் குறை இருப்பதாக நினைத்துவிட்டேன். மூன்றாம் பாகத்தில் அம்மா பேசிய இடங்களையெல்லாம் வெட்டினேன். அதே இசையை வேறு இடங்களிலிருந்து எடுத்து இட்டு நிரப்பினேன். அதே கோப்பின் மேலேயே சேமித்தும் விட்டேன்; வெட்டாத பிரதி கணினியில் இல்லை. அருமை, துல்லியம் என்று எழுதினீர்கள். ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட எனக்கு அப்படி யாரும் எழுதியதில்லை.

அன்று மாலை ஐயா அழைத்தார். "சாமி, மூணாவதக் கேட்டேன். எங்கூட்டுக்காரியக் காணமே?"

"கேசட்டே அப்படித்தானுங்க இருந்துச்சு" என்றேன்.

"அப்படீங்களா. செரிங்க சாமி" என்று வைத்துவிட்டார்.

உடனே அந்தக் கேசட்டை எடுத்து மறுபடி போட்டேன். வருடக்கணக்கில் கிடந்த கேசட்டை முதலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை சுற்றித் தளர்த்திவிட்டுத்தான் ஓடவிட வேண்டும். மூன்றாம் கேசட்டை ஒருமுறை ஓட்டிவிட்டோமே என்ற அவசரத்தில் அதைச் செய்யவில்லை. கேசட்டை ஓட்டும் டெக் நாடாவை உள்ளே இழுத்துச் சுருட்டியது. இரண்டு இடங்களில் அறுந்தது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "அவருகிட்டச் சொல்லீரு புள்ள" என்றார். "நாளைக்குச் சொல்றனுங்க" என்றேன்.

பதினொரு நாள் சொல்லவில்லை. கசங்கிய நாடாவை விரலளவு விரலளவாக நீவினேன். அறுந்த முனைகளை ஒட்டினேன், மறுபடியும் விட்டுப்போயின, மறுபடியும் ஒட்டினேன். இதற்கிடையில் நான்காவதையும் ஐந்தாவதையும் எதையும் வெட்டாமல் அவருக்கு மட்டும் அனுப்பினேன். "கேட்டேன் சாமி" என்று பதில் வரும். மூன்றாவதைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. அவர் கேட்காதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பதினோராம் நாள் இரவில்தான் நாடா கடைசி வரை ஓடியது. ஒட்டிய இரண்டு இடங்களில் சில நொடிகள் போயிருந்தன. மற்றபடி அம்மா முழுவதும் இருந்தார். பன்னிரண்டாம் நாள் காலை, நான் செய்ததையெல்லாம் எழுதி, அதோடு சேர்த்து அனுப்பினேன். அதுதான் ஒற்றை டிக்கோடு நின்றுபோன கோப்பு.

ஐயா இறந்த மூன்றாம் நாள் மோகனூருக்குப் பஸ் ஏறினேன். செந்தில் அண்ணன் வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பாவுக்குத் தெரியும் கண்ணு" என்றார் அவர். "அந்தக் கேசட்டுல அம்மா எங்க இருமும்னுகூட அவருக்கு மனப்பாடம். நாந்தான் கடைக்குப் போனப் போட்டு நல்லாக் கேக்கறேன்னேன். 'கேட்டுப்போடாதடா. சின்னப்புள்ள, பயத்துல சொல்லிருச்சு. அதுவா வந்து சொல்லும், அதுவரைக்கும் நாம வாயத் தொறக்கப்படாது'ன்னாரு."

நான் வருவேன் என்று பதினொரு நாள் காத்திருந்திருக்கிறார். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பதினொரு நாள்தான்.

"இருக்குதா? போடு கேப்போம்" என்றார் அண்ணன். போனில் போட்டேன். வயலினுக்கு மேலே மருதாயி அம்மாவின் குரல் வந்தது. "டேய் செந்திலு, டிவிய மறைக்காதடா, உங்கப்பன் பாக்க வேண்டாமா?" அண்ணன் சிரித்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கோப்பு முடியும்வரை துண்டை எடுக்கவில்லை.

"ஒண்ணையும் வெட்டாத கண்ணு. அப்படியே எல்லாருக்கும் போடு" என்றார்.

மாலை கடைக்குத் திரும்பியதும், நீங்கள் பாராட்டிய மூன்றாம் பாகத்தைத் தொகுப்பிலிருந்து நீக்கினேன். மருதாயி அம்மா பேசும் பாகத்தை அந்த இடத்தில் ஏற்றினேன்.