படத்தை மட்டும் அழித்தேன்

பத்தாவது வரைதான் படித்தவன் நான். பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் அசிங்கமான விளம்பரங்கள் வந்ததால், அவற்றைத் தடுக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டிருந்தேன். பிறகு அதுவே தொந்தரவானதால், திரையில் இருந்த அதன் படத்தை அழித்துவிட்டு, மென்பொருளே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மகளுக்குத் திருச்செங்கோட்டிலேயே இன்ஜினியரிங் இடம் கிடைத்தது. கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் உறுதி செய்ய வேண்டும். ராகு காலம் முடியட்டும் என்று நாலரைக்கு மேல்தான் அவளை உட்காரவிட்டேன்.

"அப்பா, அமுக்குனா உறுதி பண்ற சின்ன ஜன்னலே திரையில தொறக்க மாட்டேங்குதுங்க. பிரவுசிங் சென்டருக்குப் போயிட்டு வாரேனுங்க."

சென்னையில் படிக்க ஆசைப்பட்டவள் அவள். "உள்ளூருன்னா உனக்கு எளக்காரம். நடிக்காம ஒழுங்கா அமுக்கு" என்றேன். அழுதுகொண்டே அமுக்கினாள். மணி ஐந்தானது.

அதன்பிறகே கம்ப்யூட்டரைப் பிரவுசிங் சென்டருக்குத் தூக்கிப்போனேன். அங்கிருந்த பெண் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வெளம்பரம் தடுக்கறது இன்னும் உள்ள ஓடுதுங்கண்ணா. அதுதான் ஜன்னலத் தொறக்க உடல. நீங்க படத்த மட்டுந்தான் அழிச்சிருக்கீங்க. போர்டக் கழட்டுனா கடை காலியாயிருமாங்க?"

வீட்டுக்கு வந்து சொன்னேன். "இப்பவாச்சும் நம்புனீங்களே" என்றாள் மகள்.

இப்போதெல்லாம் எதை நீக்கினாலும் செட்டிங்ஸில் போய் முழுதாக நீக்கி, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டுச் சரிபார்க்கிறேன். மகளின் வேலைக்கு ராகு காலம் பார்ப்பதில்லை.

அந்தக் கடைசி நாளுக்கு மறுநாள் காலை, உறுதி செய்யாததால் இடம் ரத்தானது என்று அவள் செல்போனுக்குச் செய்தி வந்தது.